நேர்ந்துவிட்ட வான்கோழி

வான்கோழி வாங்கப் போகிறவன் காலைப் பார்க்க வேண்டும். முகத்தைப் பார்த்து வாங்குகிறவன் ஏமாந்துபோவான். இளசு என்றால் கால் கறுத்து வழவழவென்றிருக்கும். கிழடு என்றால் வெளிறிச் செதிள் எழும்பியிருக்கும். பேசாலையில் பிறந்து வளர்ந்த எமிலுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1985ஆம் ஆண்டு ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை, ஒக்லாந்து நகரத்தின் ஓரத்தில் ஹென்டர்சனில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த யூகோஸ்லாவியக் கிழவர் ஒருவர் கொழுத்த பேடு ஒன்றை அவன் தலையில் கட்டப் பார்த்தார். எமில் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. மூலையில் நின்ற ஓர் இளஞ்சேவலைத் தூக்கி, நெஞ்செலும்பைத் தடவிப் பார்த்து, இது போதும் என்றான். ஒழுங்காகத் தீனி போட்டால் டிசம்பரில் யேசு பிறப்பைக் கொண்டாடும் நத்தாருக்குக் கணக்காக வந்துவிடும்.

நத்தாருக்குள் மனைவி றோஸ்மேரியும் இரண்டு பிள்ளைகளும் வந்துவிடுவார்கள் என்று அவன் நம்பியிருந்தான். அந்த வருடத் தொடக்கத்தில் அவன் தனியாக ஒக்லாந்துக்கு வந்தபோது மூத்தவள் மெற்றில்டாவுக்கு ஆறு வயது. சின்னவன் யூட் கைக்குழந்தை. மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு தொழிற்சாலையில் மெக்கானிக் வேலை கிடைத்தது. வாடகை மலிவு என்று ரானுயில் பின்வளவோடு ஒரு பலகை வீடு எடுத்தான். விசா இந்தா வருகிறது, அந்தா வருகிறது என்றார்கள். விசா வருவதற்கு முன் வான்கோழி வந்துவிட்டது.

பின்வளவில் கம்பிவலை அடித்து அதை விட்டான். தொழிற்சாலை மனேஜரைப் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்ததால் துரை என்று கூப்பிட்டான். அறுக்கப்போகிற பிராணிக்குப் பெயர் வைக்கக்கூடாது. அது தெரிந்தும் வைத்தான், தனியாக இருக்கிறவனுக்கு எதையாவது கூப்பிட வேண்டுமே.

வான்கோழியை அறுப்பதற்கு முன் அதன் வாயில் கொஞ்சம் சாராயம் ஊற்றுவது ஊர் வழக்கம். இறைச்சி பஞ்சாகும் என்பார்கள். அதற்காக அரைப் போத்தல் பிராந்தியும் வாங்கி வைத்திருந்தான். நத்தார் வந்தது, ஆட்கள் வரவில்லை. அங்கத்தைய டிசம்பர் கோடைக்கு ஊர் முழுவதும் கடற்கரைக்குப் போயிருந்த அந்த மத்தியானத்தில், எமில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு வலைக்குப் பக்கத்தில் குந்தி, துரைக்கு ஒரு கரண்டியும் தனக்கு ஒரு கிளாசுமாகப் போத்தலை முடித்தான். துரை இரண்டு முறை தடுமாறி விழுந்தது. எமில் விழவில்லை, அழுதான்.

அதற்குப் பிறகு அந்த வாளி அங்கேயே கிடந்தது. வேலையிலிருந்து வந்தவுடன் அதில் உட்கார்ந்தால்தான் அவனுக்கு நாள் முடிந்ததாக இருக்கும். தொழிற்சாலையில் யெஸ், நோ, சொறி என்ற மூன்று சொற்களிலேயே காலம் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, கோயிலில் பழக்கமான தமிழர் சில்வெஸ்ரர் வீட்டுக்குப் போனால் அங்கே வீட்டுக் கடன் மோர்ட்கேஜைத் தவிர வேறு கதை இல்லை. சில்வெஸ்ரர் நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கு வட்டி வீதம் ஏறினால் உலகம் இருண்டுவிடும். ஆகவே எமில் மனம்விட்டுத் தமிழில் பேசியதெல்லாம் துரையோடுதான். துரை தலையைச் சரித்துக் கேட்கும். ஒருபோதும் புத்தி சொன்னதில்லை.

அடுத்த வருடம், சண்டையால் பேசாலையில் இருக்க முடியாமல் றோஸ்மேரி பிள்ளைகளோடு வள்ளத்தில் இராமேஸ்வரத்துக்குப் புறப்பட்டுவிட்டாள் என்று ஒரு செய்தி வந்தது. போய்ச் சேர்ந்ததாகச் செய்தி வரவில்லை. கிழமைக்கணக்கில் வரவில்லை. எமிலுக்குச் சோறு இறங்கவில்லை. மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் அவன் வாளியில் இருந்தபடியே மடுமாதாவுக்கு நேர்ந்தான். அதுகள் மூன்றும் உயிரோடு இங்கே வந்து சேர்ந்தால் இந்தச் சேவலை அறுத்துப் பத்துப் பேருக்குச் சாப்பாடு கொடுக்கிறேன் என்றான். நேருகிறவன் கையில் உள்ளதில் பிடித்தமானதைத்தான் நேர வேண்டும். அன்று அவன் கையில் வேறு எதுவும் இருக்கவில்லை.

மாதா கேட்டுவிட்டாள். மண்டபம் அகதி முகாமிலிருந்து றோஸ்மேரியின் கடிதம் வந்தது. பிறகு திருச்சி, பிறகு விசா, பிறகு விமானம். 1987 டிசம்பர் இருபதாம் திகதி மூவரும் ஒக்லாந்தில் இறங்கினார்கள்.

விமான நிலையத்தில் எமில் யூட்டைத் தூக்கப் போனான். பிள்ளை தாயின் சேலைக்குள் ஒளித்துக்கொண்டது. காரில் வரும்போது அது தாயிடம், இந்த மாமாவின் வீடு தூரமோ என்று கேட்டது. றோஸ்மேரி அதன் வாயை மெல்லப் பொத்தினாள். எமில் சிரித்துச் சமாளித்தான். ஆனால் அந்த ஒரு சொல் ரானுய் வரைக்கும் அவன் நெஞ்சில் குத்திக்கொண்டே வந்தது.

மூன்று வருடமாக எத்தனையோ கதைகளைச் சேர்த்து வைத்திருந்தான். அவள் எதிரில் வந்து நின்றதும் ஒன்றும் வாயில் வரவில்லை. சாப்பிட்டாச்சோ, குளிருதோ, பிள்ளைகள் நித்திரையோ என்று விருந்தாளியைக் கேட்பதுபோலக் கேட்டான். அவளும் ஓம், இல்லை, ஓம் என்றாள். அவள் மெலிந்திருந்தாள். கதவு அடிபட்டால் திடுக்கிட்டாள். ஏன் என்று கேட்க அவனுக்குப் பயமாக இருந்தது. வீட்டுக்குள் நாலு பேர் இருந்தும் அவன் முன்னைவிடத் தனித்துப்போனான் என்பதுதான் உண்மை. விடிந்ததும் எழுந்து பின்வளவுக்குப் போய்விடுவான்.

நேர்த்தி விஷயம் எல்லாருக்கும் தெரியும். றோஸ்மேரிக்குக் கடிதத்தில் எழுதியிருந்தான். சில்வெஸ்ரர் நத்தார் மத்தியானச் சாப்பாட்டுக்குத் தன் குடும்பத்தையும் இன்னும் இரண்டு குடும்பங்களையும் சேர்த்துப் பத்துப் பேர் கணக்குச் சொல்லி முடித்துவிட்டார். கத்தி தீட்டவேண்டியது மட்டுந்தான் பாக்கி. எமிலுக்கு அதுதான் முடியவில்லை. ஒரு கோழிக்காக மனிதன் இப்படித் தவிக்கலாமா என்று தன்னையே ஏசிக்கொண்டான். ஏச்சு வேலை செய்யவில்லை.

இருபத்திரண்டாம் திகதி வேலை முடிந்து வரும் வழியில், மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு கடைக்குள் போனான். குளிர்ப்பெட்டிக்குள் வான்கோழிகள் பிளாஸ்ரிக் உறைக்குள் கல்லாகக் கிடந்தன. காலும் இல்லை, தலையும் இல்லை, வயதை எங்கே பார்ப்பது? பழக்க தோஷத்தில் நெஞ்சைத் தடவிப் பார்த்தான், விரல் விறைத்ததுதான் மிச்சம். கிடந்ததில் பெரியதைத் தூக்கி வந்தான். பனி உருக நாள் எடுக்கும் என்று கல்லாவில் காசு வாங்கிய பெட்டை சொன்னாள். அதை உடுப்புத் தோய்க்கும் அறையில் தொட்டிக்குள் வைத்து, மேலே ஒரு துவாயைப் போட்டு மூடினான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதை விட மோசமான வேலை. அடுத்த நாள் காலையிலேயே றோஸ்மேரி ஊத்தை உடுப்போடு அங்கே போனாள்.

“இஞ்சருங்கோ,” என்று கூப்பிட்டாள். “இதென்ன?”

துரைக்கு இரண்டு வயதுக்கு மேலாகிவிட்டது, இறைச்சி கயிறாக இருக்கும், வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எமில் வரிசையாகச் சொன்னான். அவள் அவன் முகத்தையே பார்த்தாள்.

“நேர்ந்தது அதையெல்லோ?”

“மாதாவுக்கு விளங்கும்.”

“சரி,” என்றாள். அவ்வளவுதான். அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று அவன் அன்று முழுவதும் யோசித்தான்.

நத்தார் அன்று காலைப் பூசையிலிருந்து வந்ததும் அவள் சமையலில் இறங்கினாள். தேசிக்காயும் உப்பும் மஞ்சளும் போட்டுக் கடை வான்கோழியை மூன்று தண்ணீரில் கழுவினாள். வயிற்றுக்குள் கையை விட்டபோது ஈரலும் இதயமும் ஒரு கடதாசிப் பையில் சுற்றியபடி வந்தன. அறுத்தவன் ஒழுங்கானவன், ஒன்றையும் களவெடுக்கவில்லை என்றாள். வந்த நாளிலிருந்து அவள் சொன்ன முதல் பகிடி அது. எமில் அதற்குச் சிரித்து முடிப்பதற்குள் அவள் திரும்பிவிட்டாள்.

எந்தப் பானைக்குள்ளும் அது அடங்கவில்லை. தொடையிரண்டையும் வெட்டியெடுத்து, திருச்சியிலிருந்து கட்டிக்கொண்டு வந்த தூளைப் போட்டுக் கறியாக்கினாள். நெஞ்சுப் பக்கத்துக்கு வினாகிரியும் மிளகும் உள்ளியும் அரைத்துப் பூசினாள். ஈரலைச் சிறிதாக அரிந்து, வெங்காயத்தோடு வதக்கி, உதிர்த்த பாண்துண்டும் முந்திரிகை வற்றலும் பிசைந்து உள்ளே அடைத்தாள். அவனை அவள் கூப்பிட்டது அவண் அடுப்பின் சூட்டைக் கேட்க மட்டுந்தான். அவனுக்கும் அது தெரியாது. இத்தனை வருடமாக அந்த அவணுக்குள் அவன் பழைய பேப்பர்தான் வைத்திருந்தான். ஆனால் வாசம் எழும்பியபோது பிள்ளைகள் இரண்டும் குசினி வாசலில் வந்து நின்றன. எமிலுக்கு முதல் தடவையாக அது தன் வீடு என்று தோன்றியது.

பத்துப் பேரும் வந்து மேசையைச் சுற்றி நின்றார்கள். சில்வெஸ்ரர் செபம் சொன்னார். சொன்னது போதாது என்று நேர்த்தியையும் எடுத்து, சேவலையும் எடுத்து, எமிலின் விசுவாசத்தையும் எடுத்துப் புகழ்ந்தார். அந்த நேரம் பார்த்துப் பின்வளவிலிருந்து துரை தொண்டையைத் திறந்து ஒரு சத்தம் போட்டது. செபம் அப்படியே நின்றது. எல்லோரும் மேசையில் கிடந்ததைப் பார்த்தார்கள், பிறகு யன்னலைப் பார்த்தார்கள், கடைசியாக எமிலைப் பார்த்தார்கள். அவனுக்கு நிலம் பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது.

“அது கிழடு,” என்றாள் றோஸ்மேரி. “மாதாவுக்குக் கிழட்டைக் குடுக்கிறதே எண்டு நான்தான் மறிச்சனான்.”

நல்ல வேலை செய்தீர் பிள்ளை என்று சில்வெஸ்ரர் செபத்தை முடித்தார். எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். தொடைக்கறி முதலில் முடிந்தது. எமில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, மேசையின் அடுத்த முனையில் இருந்தவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். தனக்காக அவள் ஏன் பொய் சொன்னாள் என்று கேட்க வேண்டும்போல இருந்தது. அவள் யாருக்கோ சொதி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

வந்தவர்கள் போனபோது பின்னேரமாகிவிட்டது. டிசம்பர் வெயில் இன்னும் போகவில்லை. பிள்ளைகள் தொலைக்காட்சிக்கு முன்னால் சுருண்டு படுத்துவிட்டன. எமில் மிச்சச் சோற்றை ஒரு தட்டில் அள்ளிக்கொண்டு துரையிடம் போனான். உடுப்புக் கொடிக்குக் கிட்டே வந்ததும் நின்றான். வாளியில் றோஸ்மேரி உட்கார்ந்திருந்தாள். முதுகு இந்தப் பக்கம். வலைக்கு அந்தப் பக்கம் துரை தலையைச் சரித்துக்கொண்டு நின்றது.

“சின்னவன் அழத் தொடங்கிட்டான்,” என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். “நேவிப் படகு கிட்ட வருது. வள்ளத்தில எல்லாரும் என்னையே பாக்கினம். நான் அவன்ர வாயைப் பொத்தினனான். அது போன பிறகு பாத்தா, பிள்ளை அசையேல்லை. முடிஞ்சுது எண்டுதான் நினைச்சனான்.”

துரை நிலத்தைக் கொத்தியது.

“மூச்சு வந்திட்டுது. வந்தும் என்ன, இப்பவும் கையில அந்தச் சூடு கிடக்கு. இதை நான் ஆருக்குச் சொல்லுறது? அவர் கேக்கிறாருமில்லை.” வலைக்குக் கிட்டக் குனிந்தாள். “விடிஞ்சால் பொழுதுபட்டால் உன்னட்டைத்தானே வாறார். உன்னோட என்னதான் கதைக்கிறவர்?”

எமிலுக்குத் திரும்பிப் போகவும் கால் வரவில்லை, முன்னே போகவும் வரவில்லை. துரைக்கு அந்தச் சங்கடமெல்லாம் இல்லை. அவனைக் கண்டுவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வலையோரமாக ஓடிவந்து சத்தம் போட்டது. றோஸ்மேரி திரும்பினாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பப் பார்த்தாள்.

“இரும்,” என்றான். “எழும்பாதையும்.”

அவன் தட்டை வலைக்குள் வைத்தான். அவளுக்குப் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தான். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவனால் முடியாது என்று அவனுக்குத் தெரிந்தது. ஆகவே சோற்றைக் கொத்திக்கொண்டிருந்த சேவலைப் பார்த்தான்.

“துரை,” என்றான். “வள்ளம் வெளிக்கிட்டு ஒரு செய்தியும் வராத அந்தக் கிழமையள்... அதுகள் வராட்டி நான் என்ன செய்யிறது எண்டு ஒவ்வொரு நாளும் உன்னட்டைக் கேட்டனான். இவவுக்குச் சொல்லு.”

துரை தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்தது. றோஸ்மேரியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேற என்ன கேட்டவர் எண்டும் சொல்லு,” என்று அவள் துரையிடம் சொன்னாள்.