பறக்கத் தெரிந்தவனின் தாமதம்

தந்தை காலமாகி ஓராண்டு நிறையும்வரை மகன் சினிமாவுக்குப் போகலாகாது என்பது வலியசாலைத் தெருவின் வழக்கம். நீலகண்டன் மறைந்து ஆறு மாதமே ஆகியிருந்தது. இருந்தும் அவருடைய மகன் கேசவ் அன்று மாலைக் காட்சிக்குப் போய் வந்தான்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தங்கையிடம் ஆரம்பித்துவிட்டான். "என்ன படம் மீரா! முழுக்க இருட்டு, மழை. கறுப்பு உடுப்புல ஒருத்தன் பறந்து பறந்து ஊரையே காப்பாத்தறான்!"

"கொள்ளாம், நன்னாயிருக்கு! வருஷாப்திகம் ஆகறதுக்குள்ள சினிமாவா? அம்மா காதுல விழட்டும்."

அம்மா லலிதாம்பாள் ஏற்கெனவே அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். கேசவ் செருப்பை ஓரமாகத் தள்ளிவைத்தான்.

அவன் இத்தனை வார்த்தை பேசி அவள் கேட்டு ஆறு மாதமாகிறது. நீலகண்டன் நெஞ்சுவலியால் துடித்த அன்று ஹர்த்தால்; தெருவில் ஒரு வண்டியும் ஓடவில்லை. வண்டி தேடித் தம்பானூர் பஸ் நிலையம் வரை ஓடிய கேசவ், வெறுங்கையோடு திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

"மீதியையும் சொல்லுடா," என்றாள் அம்மா.

அவன் தயங்கினான். "கடைசில அவனோட அப்பாவை மட்டும் காப்பாத்த முடியலைம்மா. அவன் வந்து சேர நேரமாயிடறது."

லலிதாம்பாள் அவன் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"பறக்கத் தெரிஞ்சவனுக்கே நேரமாயிடுத்துன்னா, காலால ஓடின நீ என்னடா பண்ணுவே?"

தகனத்தன்றும் அழாத கேசவ் அவள் தோளில் முகம் புதைத்து அழுதான். தெருவுக்குக் கேட்காமலிருக்க மீரா கதவைச் சாத்தினாள்.