நல்லிக்காட்டுப்புதூரின் நாற்பத்தோரு பொருட்கள்

மோகனூருக்கு மேற்கே உள்ள நல்லிக்காட்டுப்புதூரிலிருந்து நாற்பத்தோரு பொருட்கள் பூமியைச் சுற்றப் போயிருக்கின்றன. முதலில் போனது பூவாத்தாளின் சொம்பு. அது 2019 மே மாதம். அவள் கணவர் சண்முகவேல் கரும்பு காய்கிறது என்று மேட்டுக்காட்டில் போர்வெல் போட்டார். திருச்செங்கோட்டு ரிக் வண்டி இரண்டு நாள் ஓட்டியது. ஆயிரத்து இருநூற்று அறுபது அடி வரை புழுதிதான் வந்தது. வண்டி போன பிறகு, பூஜைக்கு வைத்த சொம்பை எடுக்கப் போன பூவாத்தாள் அதைக் கை தவறிக் குழிக்குள் விட்டாள். அடியில் விழுந்த சத்தம் கேட்கவில்லை. நாற்பது எண்ணும் நேரம் கழித்து சொம்பு காற்றோடு மேலே வந்தது, தென்னை உயரத்தைத் தாண்டியது, கண்ணுக்கு மறைந்தது. தொண்ணூற்றிரண்டு நிமிடத்தில் மேற்கே தோன்றிக் கிழக்கே போனது. "சொம்பு போச்சுங்க" என்றாள் பூவாத்தாள். "தண்ணியே இல்ல, சொம்பு எதுக்கு?" என்றார் சண்முகவேல்.

அந்த மாதம் முழுவதும் ஊர் சோதித்துப் பார்த்தது. குழியின் ஆறரை அங்குல வாய்க்குள் அடங்கும் எல்லாவற்றையும் போட்டார்கள். தேங்காய் கால் மணி நேரத்தில் திரும்பி வந்து மாட்டுக் கொட்டகையின் கூரை ஓடுகளை உடைத்தது. செருப்பு திரும்பியது. கோழிப்பண்ணை முட்டை வெந்து திரும்பியது, உப்பு மட்டும் போட வேண்டியிருந்தது. சொம்பு ஏன் திரும்பவில்லை என்று யோசித்ததில், அதில் பூவாத்தாளின் பெயர் வெட்டியிருந்தது நினைவுக்கு வந்தது. இரவல் போகும் பாத்திரம் வீடு திரும்பட்டும் என்றுதான் இங்கே பெயர் வெட்டுவது. இந்தக் குழியில் பெயர் வெட்டியது மட்டும் திரும்பவில்லை. அதன் பிறகு பொருட்கள் வரிசையாகப் போயின. தயிர்க் கரண்டி, பால் அளக்கும் படி, ராசுவின் வெற்றிலைச் செல்லம், லாரி டிரைவர் ஒருவரின் டிபன் டப்பா, ஒரு வீட்டில் பேரனுக்குக் காது குத்தியபோது வந்த வெள்ளிக் கிண்ணம்.

ஒரு பொருளுக்கு முதலில் வெட்டிய ஒரு பெயர்தான், அதை அழித்து வேறு வெட்டினால் செல்லாது என்பது ராசுவாலும் அவர் தங்கை சின்னாயியாலும் தெரிய வந்தது. இருவருக்கும் வேலித் தகராறு. அண்ணன் சீராகக் கொடுத்த டம்ளரில் அண்ணன் பெயரை அரம் வைத்து ராவிவிட்டு, சின்னாயி தன் பெயரை வெட்டி அனுப்பினாள். டம்ளர் மின்கம்ப உயரம் போய் அங்கேயே நின்றது. பதினோரு நாள் நின்றது. காகங்கள் அதில் உட்கார்ந்து பழகின. அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்ட அன்று மதியம் அது இறங்கி வந்து சின்னாயியின் வாசலில் உட்கார்ந்தது.

2021இல் ராசிபுரத்திலிருந்து ஜோதி இந்த ஊருக்கு மருமகளாக வந்தாள். இயற்பியல் முதுகலை படித்தவள். அவள் கணவன் அன்பழகன் பி.காம். படித்துவிட்டுக் கோழித்தீவன ஆலை அலுவலகத்தில் வேலை பார்த்தான். அதுவரை ஊர் சும்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஜோதி கணக்குப் போட்டு, எது எத்தனை மணிக்கு எந்தப் பக்கமிருந்து வரும் என்று பால் சொசைட்டிக் கரும்பலகையில் தினமும் எழுதினாள். ஒரு நிமிடம்கூடப் பிசகியதில்லை. வானத்தில் சுற்றும் பொருட்களைக் கணக்கெடுக்கும் வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்று, தொலைநோக்கியில் தெரிந்த பூவாத்தாள், ராசு என்ற பெயர்களைத் தன் பட்டியலில் ஏற்றிவிட்டு யார் இவர்கள் என்று கேட்டபோது, பதில் எழுதியவளும் அவள்தான். ஊர்க்காரர்களின் நடை மாறியது. மோகனூர் பஸ் ஸ்டாண்டில் பக்கத்து ஊர்க்காரன் ஒருவன், "ஏப்பா, உங்கூர்ல தண்ணி வந்துச்சா இல்லியா?" என்று சீண்டினான். "எங்கூரு சொம்பு ஒரு நாளைக்கு உலகத்தைப் பதினஞ்சு சுத்து சுத்துது. உங்கூரு பஸ்ஸு நாமக்கல்லுக்கு நாலு தடவை போவுதா?" என்றார் ராசு.

2024 அக்டோபரில் ஜோதிக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் இறந்தாள். வயது இருபத்தேழு. அன்பழகன் பதினேழாம் நாள் வேலைக்குப் போனான். ஆலைக்கு எதிரே இருந்த மெஸ்ஸில் இரண்டு வேளை சாப்பிட்டான். வானத்தைப் பார்க்கவில்லை. ஜோதி கடைசியாக எழுதிய நேரங்களைப் பலகையிலிருந்து யாரும் அழிக்கவில்லை. பொருட்களும் அன்று முதல் தினமும் அதே நேரங்களுக்கே வந்தன.

மறு ஆண்டு மார்ச்சில் அரசு அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். தண்ணீர் இல்லாத ஆழ்துளைக் கிணறுகளை மூட வேண்டும் என்பது விதி. பூட்டுப் போட்ட இரும்பு மூடி போதாது, சிமெண்டால் அடைக்க வேண்டும், வெள்ளிக்கிழமை ஆட்களோடு வருகிறேன் என்றார். நல்ல மனிதர். அதற்குள் இன்னொன்று அனுப்பிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். எதை அனுப்புவது என்று கோயில் முன்னால் கூடிப் பேசினார்கள். லாரி ஹாரனில் ஊர்ப் பெயரை வெட்டி அனுப்பலாம் என்றார் ராசு. பூவாத்தாள் எழுந்தாள். "நாப்பது பேரு மேல சுத்துறாங்க. அத்தன பேருக்கும் நேரம் குறிச்சுக் குடுத்தவ ஜோதி. அவ பேரு மேல இல்லாம நமக்கென்னங்க பெருமை?" ஜோதி பெயரை அனுப்ப ராசுவும் கை தூக்கினார்.

வியாழக்கிழமை காலை ஜோதியின் தாய் கண்ணாத்தாள் ராசிபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள். மருமகனும் மாமியாரும் பரணிலிருந்து எல்லாவற்றையும் இறக்கினார்கள். அறுபத்து மூன்று பாத்திரங்கள். அண்டாவில் தாய்மாமன் பெயர் இருந்தது. குத்துவிளக்கில் பெரியப்பா பெயர். தட்டுகளில் அன்பழகனின் அலுவலக நண்பர்கள் பெயர். ஜோதி தினமும் தண்ணீர் குடித்த டம்ளரில் அவள் பார்த்தே இராத ஒரு பங்காளியின் பெயர்.

"ஏனுங்க மாப்ள, எம்புள்ள பேரு ஒண்ணுலகூட இல்லீங்களா?"

"இல்லீங்க அத்தை."

"நானாச்சும் வெட்டியிருக்கோணும். குடுக்குறவங்க பேரத்தான வெட்டுவாங்கன்னு அவங்கப்பன் பேரயே வெட்டிப் போட்டனுங்க."

எட்டிப் பார்க்க வந்த ராசு, கடையில் புது டம்ளர் வாங்கிப் பெயர் வெட்டிவிடலாம் என்றார். "அவ தொடாத டம்ளரு எதுக்குங்க?" என்றாள் கண்ணாத்தாள். ராசு அறுபத்து மூன்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மாலை வரை அன்பழகன் அடுப்படியில் நின்றான். பிறகு குக்கரை எடுத்தான். குக்கர் சித்தப்பா கொடுத்தது. ஆனால் மூடியின் மேல் விசிலடிக்கும் அதன் வெயிட் இரண்டு வருடம் முன்பு சாக்கடையில் விழுந்துவிட்டது. ஜோதி தானே மோகனூர் போய்ப் புது வெயிட் வாங்கி வந்தாள். ஐந்து மாதமாக யாரும் தொடாததால் அதன் துளையில் குளவி மண் வைத்திருந்தது. அன்பழகன் ஊசியால் குத்தி எடுத்தான். "இது அவ வாங்குனதுங்க அத்தை" என்றான். ஐந்து மாதத்தில் அவன் தானாகப் பேசிய முதல் வாக்கியம் அது.

மோகனூர்ப் பாத்திரக்கடையில் பெயர் வெட்டும் ஆண்டி அதை வாங்கி உருட்டிப் பார்த்தார். "அண்டா வந்துருக்குது, அரிக்கேன் வெளக்குகூட வந்துருக்குது. இது வந்ததில்ல. காசளவு எடம்கூட இல்லீங்களே சாமி. என்ன பேரு?"

"ஜோதி."

"சின்னப் பேருதான். உக்காருங்க."

முக்கால் மணி நேரம் ஆனது. கண்ணாத்தாள் விரலால் தடவிப் பார்த்துவிட்டு முந்தானையில் முடிந்துகொண்டாள். பஸ்ஸில் ராசுவும் இருந்தார். "குக்கரு வெயிட்டா? வெளிநாட்டுக்காரன் சிரிக்க மாட்டானா மாப்ள?" என்றார். "சிரிக்கட்டுங்க மாமா" என்றான் அன்பழகன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஊரே மேட்டுக்காட்டில் நின்றது. அன்பழகன் வெயிட்டைக் குழிக்குள் விட்டான். எல்லோரும் எண்ணினார்கள். நாற்பது ஆனது. ஐம்பது ஆனது. அலுவலகத்துக்காரர் சிமெண்ட் குழைத்தவர்களைக் கை காட்டி நிறுத்தினார். அறுபத்தெட்டில் ஒரு சீறல் கேட்டது. சிறிய பொருள் என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. "போச்சுங்களா?" என்று கண்ணாத்தாள் ஒவ்வொருவரிடமும் கேட்டாள். பூவாத்தாள் மட்டும் மாட்டுக் கொட்டகை வரை போய், திரும்பி விழுந்திருக்கிறதா என்று தரையைப் பார்த்துவிட்டு வந்தாள். குழியை அடைத்தார்கள். சிமெண்டின் மேல் யாரும் எதுவும் எழுதவில்லை. ஆனால் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். பதினொன்றரை தாண்டியதும் சர்க்கரை ஆலைப் பக்கம் வானத்தில் ஒரு விசில் கேட்டது. இரண்டாவது விசில் ஊருக்கு நேர் மேலே. மூன்றாவது காவிரிக்கு அந்தப் பக்கம்.

"எம்புள்ளைதானுங்க" என்றாள் கண்ணாத்தாள். அலுவலகத்துக்காரர் எழுந்து நின்றார்.

ஆய்வுக்கூடம் நாற்பத்தோராவது பொருளுக்கு ஜோதி என்று பெயர் பதிந்துவிட்டு, அது என்ன பொருள், யார் கொடுத்தது என்று கேட்டது. ஊராட்சியிலிருந்து ஒரே வரியில் பதில் போனது: சமையல் கருவியின் பாகம், சொந்தமாக வாங்கியது. இப்போது காலை ஏழேகாலுக்கு ஒரு முறையும் பதினொன்று ஐம்பதுக்கு ஒரு முறையும் அது வருகிறது. மோகனூரிலிருந்து பரமத்தி வரை பெண்கள் அதைக் கேட்டுத்தான் சமைக்கிறார்கள். புதிதாகக் கட்டிக்கொண்டு வருகிற மருமகளிடம், ஜோதி விசில் வந்தால் இறக்கிவிடு என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். மூடிய போர்வெல்லுக்குப் பக்கத்தில் சண்முகவேல் எள் விதைத்திருக்கிறார். அன்பழகன் மெஸ்ஸுக்குப் போவதை விட்டுவிட்டான். காலையில் அரை டம்ளர் அரிசி களைந்து குக்கரில் வைக்கிறான். அவன் குக்கருக்கு வெயிட் இல்லை. மூன்றாவது விசிலுக்கு அடுப்பை அணைக்கிறான். சோறு பதமாக வெந்திருக்கிறது.