ஒன்றேகால் இஞ்ச்

பொறாமை என்ற வார்த்தையை யாராவது பெரியவளிடம் சொல்லியிருந்தால் கத்தரிக்கோலோடு எழுந்து வந்திருப்பாள். ஆனால் அது பொறாமைதான். பூசி மெழுகிச் சொல்ல ஒன்றுமில்லை.

அவள் தையல்காரி. வீட்டின் முன்னறையில் இரண்டு மெஷின், ஒரு ஆளுயரக் கண்ணாடி, கழுத்தில் எந்நேரமும் தொங்கும் இஞ்ச் டேப். அவள் அளவெடுத்தால் நூல் பிசகாது என்று தெருவே சொல்லும். அவளுடைய ஓரகத்தி, அதாவது கொழுந்தனின் மனைவி, ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பெயர் பதிகிற கவுண்டரில் வேலை பார்த்தாள். வீட்டில் எல்லோருக்கும் இவள் பெரியவள், அவள் சின்னவள். இருவருக்கும் ஒரே வருடத்தில் இரண்டாவது பிள்ளை பிறந்தது, ஒரே மாதிரித் தொப்பையும் விழுந்தது. அதுவரை எந்தச் சண்டையும் இல்லை.

தொப்பையைக் குறைக்கும் யோசனையே பெரியவளுடையதுதான். காலையில் முக்கால் மணி நேரம் நடை, டீயில் சர்க்கரை கிடையாது, தட்டில் பாதிக்குக் காய்கறி, இரவு ஏழுக்கு மேல் வாய்க்குப் பூட்டு. மூன்று மாதத்தில் சின்னவளுக்கு இடுப்பு நான்கு இஞ்ச் இறங்கியது. பெரியவளுக்கு ஒன்று, அதுவும் டேப்பை இழுத்துப் பிடித்தால்.

காரணம் இல்லாமல் இல்லை. பத்து மணி நேரம் மெஷின் முன்னால் உட்கார்ந்த இடம். பிள்ளைகள் மிச்சம் வைக்கிற ரொட்டி ஓரம், அரை முட்டை, கடித்த வாழைப்பழம் எல்லாம் அவள் வாய்க்குத்தான் போயின. நின்றுகொண்டே தின்பது கணக்கில் சேராது என்று அவள் நம்பினாள், வயிறு நம்பவில்லை. சின்னவளோ ஆஸ்பத்திரியில் லிஃப்ட்டைத் தொடாமல் ஐந்து மாடி ஏறினாள். மாலையில் தரையில் போர்வையை விரித்து, முழங்கைகளை ஊன்றி, உடம்பைப் பலகையாக நிறுத்தி இரண்டு நிமிடம் எண்ணினாள்.

அதையெல்லாம்கூடப் பெரியவள் பொறுத்திருப்பாள். சாப்பாட்டு மேஜையில் புருஷன் வாய் திறந்ததுதான் பொறுக்கவில்லை.

"சின்னவ ஆளே மாறிட்டா. நீயும் அவகூடத்தானே நடக்கப் போன?"

மாமியார் சிரித்தார். பெரியவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. எரிந்தாவது கொஞ்சம் குறைந்ததா என்றால் அதுவும் இல்லை.

அந்த வாரம் சின்னவள் தன் இரண்டு யூனிஃபார்ம் பேண்ட்டையும் கொண்டுவந்தாள். "அக்கா, இடுப்புல நிக்கவே மாட்டேங்குது. கொஞ்சம் பிடிச்சுக் குடுங்களேன்."

பெரியவள் அளவெடுத்தாள். டேப் காட்டிய எண்ணை இரண்டு தடவை பார்த்தாள். மூன்றரை இஞ்ச் பிடித்தால் போதும். மெஷினில் உட்கார்ந்தபோது கை தானாகவே இன்னும் அரை இஞ்ச் உள்ளே தள்ளியது. தானாக என்பது அவள் சொல்லிக்கொண்டது. இருபது வருடம் தைத்த கை தானாக எதையும் செய்யாது.

மறுநாள் காலையில் சின்னவள் கண்ணாடி முன்னால் மூச்சை உள்ளே இழுத்துக் கொக்கியை மாட்டினாள். "முந்தாநாள் ஆஸ்பத்திரில கேக் சாப்பிட்டேன்க்கா. உடனே தெரியுது பாருங்க."

தையல் தப்பாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தைத்தது அக்கா ஆயிற்றே. அன்று பெரியவளுக்கு டீ சர்க்கரை இல்லாமலே இனித்தது.

வீட்டுத் துணி துவைப்பதும் இஸ்திரி போடுவதும் அவள் பொறுப்பு என்பதால் பிறகு எல்லாம் சுலபமாக நடந்தது. வாரம் கால் இஞ்ச். முதல் அரை இஞ்சோடு சேர்த்து மூன்று வாரத்தில் மொத்தம் ஒன்றேகால் இஞ்ச். சின்னவள் முதலில் இரவுச் சாப்பாட்டை விட்டாள். பிறகு மதியமும் பாதியானது. "இவ்வளவு பண்ணியும் திரும்ப ஏறுதேக்கா" என்று முகம் வாடிச் சொன்னபோது, "சில உடம்பு அப்படித்தான்" என்று பெரியவள் ஆறுதல் வேறு சொன்னாள். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்.

நான்காவது வாரம், சாயங்காலம் நாலு மணிக்கு, சின்னவள் வேலையிலிருந்து வந்து நேராக முன்னறைக்குள் நுழைந்தாள். கொக்கியைக் கழற்றப் பார்த்தாள், முடியவில்லை. மெஷின் மேஜையைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது.

"இன்னைக்கு என்ன சாப்பிட்ட?"

"காலைல ஒரு வெள்ளரிக்கா."

"அப்புறம்?"

"அவ்வளவுதான். பிரிச்சு விட்டுடுங்கக்கா. என்னால முடியல. இந்த உடம்பு என் பேச்சையே கேக்க மாட்டேங்குது."

பெரியவள் ஓடிப்போய்ப் பாலும் ரொட்டியும் கொண்டுவந்து ஊட்டினாள். இரண்டாவது துண்டு இறங்கிய பிறகு, சின்னவளின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"உன் உடம்பு ஏறல. நான்தான் பிடிச்சேன்."

"என்ன பிடிச்சீங்க?"

"பேண்ட்டை. ஒண்ணேகால் இஞ்ச். நீ கேட்டதுக்கு மேல." கழுத்து டேப்பை விரலில் சுற்றிக்கொண்டே, "நீ மெலியறதைப் பாக்கப் பாக்க எனக்குத் தாங்கல" என்றாள்.

சின்னவள் கத்தவில்லை. ரொட்டியை மென்று முடித்தாள், பாலைக் குடித்தாள், டம்ளரைக் கீழே வைத்தாள்.

"பக்கத்துல உக்காந்து நான் தட்டைத் தள்ளி வைக்கிறதைப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

பெரியவள் கத்தரிக்கோலை எடுத்தாள். "குடும்மா, இப்பவே பிரிச்சுச் சரி பண்ணிடுறேன். பத்து நிமிஷ வேலை."

"வேணாம்க்கா."

யாரிடமும் சின்னவள் இதைச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அடுத்த திங்கட்கிழமை அவள் புது பேண்ட் போட்டுக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். கடைத்தெருவில் எவனோ தைத்தது. இடுப்பு தொளதொளவென்று கிடந்தது, முன்பக்கம் துணி கும்மென்று புடைத்து நின்றது. உள்ளே ஒட்டிய வயிறு இருப்பது கடவுளுக்குத்தான் தெரியும். சின்னவள் தட்டு நிறையப் போட்டுக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டாள்.

மாமியார் ஏற இறங்கப் பார்த்தார். "என்ன சின்னவளே, திரும்பத் தொப்பை போட்டுடுச்சா?"

"இருந்துட்டுப் போகட்டும் அத்தை."

பெரியவளின் புருஷனும் சிரித்தான். இத்தனை நாள் அவள் கேட்க ஆசைப்பட்ட பேச்சு இதுதான். "இல்லை அத்தை, தையல் தப்பு" என்று சொல்ல வாயெடுத்தாள். சின்னவள் நிமிர்ந்து, எந்தத் தையல் என்று கேட்பதுபோல அவளை ஒரு பார்வை பார்த்தாள். பெரியவள் தலையைக் குனிந்துகொண்டு தன் தட்டில் இருந்ததைத் தின்றாள்.