ஆரின் வராத ஞாயிறுகள்

செப்டம்பரில் எங்கள் அணி ஆடியதை அமெரிக்க ஃபுட்பால் என்று சொன்னால் என் வாய் வெந்துபோகும். பந்தெறிவதே வேலையான குவார்ட்டர்பேக் எறிந்த பந்தெல்லாம் எதிரணி ஆட்களின் கைக்கே போயிற்று. அவனைக் காப்பாற்ற வேண்டிய முன்வரிசைத் தடியன்கள் ஐந்து பேரும் கல்யாண வீட்டு வாசலில் நிற்பவர்களைப் போல ஒதுங்கி நின்று எதிரிகளுக்கு வழிவிட்டார்கள். பயிற்சியாளர் வாயில் சூயிங்கம்மைப் போட்டு மென்றுகொண்டே இருந்தார். அவருக்குத் தெரிந்த ஒரே திட்டம் அதுதான் என்று நினைக்கிறேன். அக்டோபர் பாதிவரை ஒரே ஒரு வெற்றி. இந்த வருஷமும் இறுதிச்சுற்றான பிளேஆஃப் இல்லை என்று ஊரே கைகழுவிவிட்டது.

என் பெயர் வெர்னா. ஈரி ஏரிக்கரையில் எங்கள் ஊர். நவம்பர் பிறந்தால் ஏரி பனியை அள்ளிக் கொட்டும். எங்கள் மைதானத்துக்குக் கூரையும் கிடையாது. வடக்குக் கோடியில் உச்சிக்கு ஒரு வரிசை கீழே எனக்கு சீசன் டிக்கெட் இருக்கிறது. பக்கத்து இருக்கை ஆரினுடையது. இருபது வருஷத்துக்கும் மேலாக நாங்கள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து சேர்ந்து கத்துகிறோம், சேர்ந்து விறைக்கிறோம், பெரும்பாலும் சேர்ந்து தோற்கிறோம்.

ஆரின் மாவு மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பனி வருவதற்கு முதல் நாளே அவருக்கு இடது முழங்கால் வலிக்கும். வெங்காயம் ஆகாது. மனைவி இறந்தபிறகு சூப்பைச் சூடாக்காமல் டப்பாவிலிருந்தே குடிக்கிறார். இதெல்லாம் எனக்குத் தெரியும். என் கணவன் யாரோடு போனான், அரிசோனாவில் இருக்கும் மகள் ஏன் ஃபோன் செய்வதில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் அவருடைய குடும்பப் பெயர் எனக்குத் தெரியாது. ஃபோன் நம்பரும் தெரியாது. பக்கத்து இருக்கைக்காரர்கள் எங்கள் ஊரில் அப்படித்தான். கடைசி ஆட்டம் முடிந்ததும் "அடுத்த சீசன்ல பாப்போம்" என்று கையாட்டிவிட்டு ஆளுக்கொரு பக்கம் போய்விடுவோம். அதற்கப்புறம் என் வீட்டில் கேட்கிற ஒரே மனிதக் குரல் டிவிதான்.

அக்டோபர் கடைசியில் ஒரு ஞாயிறு ஆரின் வரவில்லை. வெளியூரில் அண்ணன் பேத்திக்கு ஞானஸ்நானமாம். அன்றைக்கு நாங்கள் ஜெயித்துவிட்டோம். அடுத்த ஆட்டத்துக்கு அவர் வந்தபோது பின்வரிசை ஸ்டாஷ் குனிந்து அவர் தோளைத் தட்டினான். ஸ்டாஷ் குழாய் வேலை செய்கிறவன். வாய் அதிகம், மனசு சுத்தம்.

"என்ன ஆரின், நீங்க வராத அன்னிக்குப் பாத்து ஜெயிச்சிட்டோமே! மாசம் ஒரு ஞானஸ்நானம் வெச்சுக்கச் சொல்லுங்க உங்க சொந்தக்காரங்கள."

"வெச்சா நீ சமையல் செலவ ஏத்துக்குவியா?" என்று ஆரின் கேட்டார். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்குப் படுதோல்வி. பாதி ஆட்டத்திலேயே ஜனங்கள் எழுந்து போனார்கள். ஆரின் மட்டும் கடைசிவரை ஸ்கோர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதோடு ஆள் மாயம்.

நவம்பர் முழுக்கப் பக்கத்து இருக்கை காலி. எங்கள் அணியோ பேய் பிடித்ததுபோல ஆடத் தொடங்கிற்று. அதே குவார்ட்டர்பேக், அதே தடியன்கள், அதே சூயிங்கம். வெற்றிக்கு மேல் வெற்றி. டிவியில் கோட்டு போட்ட நாலு பேர் உட்கார்ந்து அது புதுத் தற்காப்புத் திட்டம், இது இளம் ரத்தம் என்று அலசினார்கள். நான் காலி இருக்கையில் விழுந்த பனியைக் கையால் துடைத்துத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். நல்ல ஓட்டம் ஒன்றைப் பார்த்தால் பழக்கதோஷத்தில் இடதுபக்கம் திரும்புவேன். அங்கே சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள்.

"ஆரினப் பத்தி ஏதாவது தெரியுமா?" என்று ஸ்டாஷிடம் கேட்டேன்.

அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "அதப் பத்திப் பேசாதீங்க வெர்னா" என்றான், மைதானத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல். அவன் பக்கத்திலிருந்தவர்களும் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டார்கள்.

இதற்கு ஒரே அர்த்தம்தான் இருக்க முடியும் என்று நினைத்தேன். தினமும் காலையில் பத்திரிகையில் மரண அறிவிப்புப் பக்கத்தைப் பிரித்து ஆரின் என்ற பெயரைத் தேடினேன். டிக்கெட் அலுவலகத்தில் கேட்டதற்கு, அடுத்தவர் விவரமெல்லாம் தரமுடியாது என்றுவிட்டார்கள். நன்றி தெரிவிக்கும் திருநாளுக்கு ஒரு வான்கோழிக் காலை மட்டும் சுட்டு, சமையலறையில் நின்றபடியே தின்றேன். ஒரு மனிதனுக்காக அழுவதென்றால்கூட அவன் செத்துவிட்டான் என்று யாராவது சொல்லவேண்டும். எனக்கு அதுகூட இல்லை.

டிசம்பரில் ஒரு ஞாயிறு, மைதானத்துக்கு வெளியே கார் நிறுத்துமிடத்தில், வழக்கம்போல் காலையிலேயே அடுப்பு மூட்டி சாஸேஜ் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்டாஷ் ஒன்றை ரொட்டியில் வைத்து என்னிடம் நீட்டினான். எனக்குப் பொங்கிவிட்டது.

"செத்துட்டாருன்னா செத்துட்டாருன்னு சொல்லித் தொலைங்களேன்டா! நான் என்ன சின்னக் குழந்தையா?"

"யாரு செத்தா?"

"ஆரின்!"

ஸ்டாஷ் இடுக்கியைக் கீழே வைத்தான். "அய்யோ, அவர் நல்லா இருக்காரு வெர்னா. குத்துக்கல்லாட்டம் இருக்காரு. ஆட்டம் நடக்கறப்பல்லாம் பழைய கலங்கரை விளக்கத்துக்குக் கீழ வண்டிய நிறுத்திட்டு உக்காந்திருப்பாரு. ரேடியோகூடப் போட மாட்டாரு. அவர் பாத்தா தோக்கறோமில்ல?"

"உங்க எல்லாருக்கும் தெரியுமா?"

"வரிசைக்கே தெரியும். ராசியப் பத்தி வாய்விட்டுப் பேசினா ராசி போயிடும்னு உங்களுக்குத் தெரியாதா? இப்பகூட நீங்க பேச வெச்சிட்டீங்க. இன்னிக்குத் தோத்தா பழி உங்க மேலதான்."

தோற்கவில்லை. ஜெயித்தோம்.

அடுத்த ஞாயிறு ஆட்டம் வெளியூரில். நான் டிவி பக்கமே போகாமல் ஏரிக்கரைக்குக் காரை ஓட்டினேன். கரையோரம் பாளம் பாளமாகப் பனிக்கட்டி. கலங்கரை விளக்கத்துக்குக் கீழே ஒரே ஒரு பச்சை பிக்கப் வண்டி நின்றது. உள்ளே அணியின் குல்லாவோடு, மடியில் போர்வையோடு ஆரின். கண்ணாடியை முஷ்டியால் குத்தினேன்.

"யோவ், உயிரோடத்தான் இருக்கியா நீ?"

கதவைத் திறந்தார். "ஸ்கோர் மட்டும் சொல்லிடாத" என்பதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை.

ஏறி உட்கார்ந்தேன். திட்டவேண்டியதையெல்லாம் திட்டினேன். மரண அறிவிப்பைத் தேடினேன் என்றபோது பாவம், முகம் சுருங்கிவிட்டது.

"உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்துச்சு வெர்னா. ஆனா சொன்னா நீ என்ன இழுத்துக்கிட்டு வந்திடுவ. நானும் வந்துடுவேன்."

"வந்தா என்னங்க? உங்க ஒருத்தராலயா அந்தக் கழுதைங்க தோத்தானுங்க?"

"ரெண்டு வாரம் முன்னாடி பொறுக்கமுடியாம ஒரே ஒரு தடவ ரேடியோவத் திருப்பினேன். அந்த நிமிஷமே நம்ம ஆளு எறிஞ்ச பந்த எதிராளி புடிச்சிட்டான். உடனே அணைச்சிட்டேன். இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

சிரிக்க வாயெடுத்தேன். அவர் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. "சின்ன வயசுலேருந்து இந்த டீமுக்காகக் கத்தறேன். அவங்களுக்கு என்னால ஒரு பிரயோஜனமும் இருந்ததில்ல. மில்லுலயும் அப்படித்தான், வீட்டுலயும் இப்ப யாருமில்ல. முதல் தடவையா என்னால ஒண்ணு ஆகுது வெர்னா. நான் சும்மா இருந்தா போதும்."

"எனக்கு ஆகலையே" என்றேன். "அங்க நான் ஒருத்தி உக்காந்திருக்கேன்."

அவர் மடியிலிருந்த போர்வையை இழுத்து என் காலிலும் போட்டார். "ஒரு தடவ நான் இல்லாம தோக்கட்டும். காரணம் நான் இல்லன்னு ஆயிடும். அப்ப வந்துடறேன், சத்தியமா. ஆனா ஜெயிச்சு பிளேஆஃபுக்குப் போயிட்டாங்கன்னா, அடுத்த வருஷ சீட்டையே விட்டுடறதுன்னு முடிவு பண்ணிட்டேன்."

ஊருக்குள்ளிருந்து கார் ஹாரன்கள் கிளம்பின. ஒன்று, இரண்டு, பிறகு நூற்றுக்கணக்கில். ஆரின் ஸ்டியரிங்கைக் குத்திக்கொண்டு குழந்தைபோலச் சிரித்தார். இப்படித்தான் அவர் முடிவைத் தெரிந்துகொள்வாராம். நானும் சிரித்துவைத்தேன்.

சீசனின் கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில். ஜெயித்தால் பிளேஆஃப். தோற்றால் அவ்வளவுதான், அடுத்த செப்டம்பர்வரை ஒன்றுமில்லை. எதிரணி தெற்கத்தி வெயில் ஊர்க்காரர்கள். மூக்கு சிவந்து நடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வருஷமும் கடைசி ஆட்டத்தின் இடைவேளையில் நானும் ஆரினும் அணியிலுள்ள ஒவ்வொருவனுக்கும் பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடுவோம். நான் எட்டு என்பேன், அவர் நாலு என்பார், பேரம் பேசி ஆறில் முடிப்போம். அன்றைக்கு நான் தனியாக எட்டு, எட்டு, எட்டு என்று போட்டுக்கொண்டு போனேன். மறுத்துப் பேச ஆளில்லாத மதிப்பெண்ணில் என்ன இருக்கிறது? பாதியில் நிறுத்திவிட்டேன்.

கடைசி நொடிகளில் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். எங்கள் கிக்கர் பந்தை உதைக்க வந்து நின்றான். பந்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே போனால் மூன்று புள்ளி, பிளேஆஃப். வெளியே போனால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். ஏரிக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. எண்பதாயிரம் பேர் மூச்சைப் பிடித்து நின்றார்கள். ஸ்டாஷ் கண்ணை மூடி சிலுவைக் குறி போட்டுக்கொண்டான். நானும் கையைக் கோத்துக்கொண்டேன்.

வெளியே போகட்டும். கடவுளே, வெளியே போகட்டும்.

என் அப்பாவின் தோளில் உட்கார்ந்து இந்த அணியைப் பார்க்கத் தொடங்கியவள் நான். எந்த எதிரிக்கும் நினைக்காததை என் சொந்த அணிக்கு நினைத்தேன், அதுவும் முழுமனசோடு. அந்த இருக்கையில் ஆள் வேண்டும், அவ்வளவுதான். பந்து வலது கம்பத்தில் இடித்து, ஒரு கணம் தயங்கி, உள்பக்கமாக விழுந்தது.

மைதானமே அதிர்ந்தது. முன்பின் தெரியாதவர்களெல்லாம் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். ஸ்டாஷ் பின்னாலிருந்து தாவிவந்து என் தலையைத் தன் கோட்டில் புதைத்துக்கொண்டான். "அழுங்க வெர்னா, நல்லா அழுங்க! இத்தன வருஷம் பொறுத்தோமில்ல!"

பிளேஆஃப் முதல் ஆட்டமும் எங்கள் ஊரிலேயே அமைந்தது. அந்த ஞாயிறு டிக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேரே ஏரிக்கரைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் ஆரின் பதறிவிட்டார்.

"இங்க என்ன பண்ற நீ? ஆட்டம் ஆரம்பிக்கப் போகுது!"

"நான் போகல. இங்கயே உக்காந்துக்கறேன்."

"பைத்தியமா உனக்கு? நம்ம ஊர்ல ஜெயிச்ச ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நீ அந்த சீட்டுல இருந்திருக்க. நான் இங்க, நீ அங்க. அப்படி இருந்தாதான் ஜெயிக்கறோம்."

அவர் அதையும் யோசித்து வைத்திருந்தார். என்னையும் தன் ராசிக்குள் சேர்த்துக் கட்டிவைத்திருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

"போன வாரம் அந்த உதை வெளிய போகணும்னு வேண்டிக்கிட்டேன், தெரியுமா? நாம தோக்கணும்னு வேண்டிக்கிட்டேன்."

எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய பாவம் இல்லை. இறக்கிவிட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் கையுறையைக் கழற்றினார், மறுபடி மாட்டினார்.

"நான் வரணும்னா?"

"பின்ன எதுக்கு?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்காக யாரும் ஒரு கஜ தூரம்கூட விட்டுக்கொடுத்ததில்ல வெர்னா" என்றார். கொஞ்சநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வந்துவிடுவார் என்றே நினைத்தேன். பிறகு என் பக்கமாகக் குனிந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

"போம்மா, சீக்கிரம் போ. நீ இல்லாம அவங்க தோத்துட்டா என்னால தாங்க முடியாது."

போனேன். வேறென்ன செய்ய? நான் என் இருக்கைக்கு ஏறி வந்தபோது முதல் கால் பகுதி முடிந்து, எங்கள் அணி பின்தங்கியிருந்தது. நான் உட்கார்ந்தேன். உடனே எங்கள் ஆள் பந்தோடு எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்தான். பின்னாலிருந்து ஸ்டாஷ் என் தோளை இறுக்கிப் பிடித்தான்.

மூன்றாவது பகுதியில், படிக்கட்டில் நின்றுகொண்டிருந்த ஒரு இளைஞன் பக்கத்து இருக்கையைக் காட்டி, "இங்க யாராவது வர்றாங்களாங்க?" என்று கேட்டான்.

"வரமாட்டாரு" என்றேன். "ஆனா ஆள் இருக்கு."

அவன் தோளைக் குலுக்கிவிட்டு விலகிப் போனான். இருக்கையில் விழுந்திருந்த பனியை நான் துடைத்தேன். அன்றைக்கும் ஜெயித்தோம்.