பின்பலகை

பூவனநாதன் திருப்புளியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு முன்னறைக்குள் நுழைந்தபோது அங்கே நான்கு பேர் இருந்தார்கள். கட்டிலில் அவருடைய தங்கை உமாதேவி. தலைமாட்டில், கரண்டியும் தண்ணீர் டம்ளருமாக அவர் மனைவி மீனாட்சியம்மாள். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி மகன் விஜயராஜ். நான்காவது ஆள், அவர் வெளியே போனபோது அங்கே இல்லாதவர், கழுகுமலை லிங்கராஜ். விஜயராஜின் மகளுக்கு லிங்கராஜின் மகனைப் பேசி நிச்சயமும் முடிந்திருந்தது. வேறு யாரும் இல்லை.

லிங்கராஜ் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"தங்கச்சிக்கு ரொம்ப முடியலைன்னு கேள்விப்பட்டேன் சம்பந்தி. கடையைப் பையன்கிட்ட விட்டுட்டு பஸ்ஸுல ஏறிட்டேன்."

"வாங்க வாங்க. உக்காருங்க. காப்பி குடிச்சீங்களா?"

திருப்புளியின் கைப்பிடி இடுப்பில் உறுத்தியது. பூவனநாதன் துண்டை இழுத்து அதை மறைத்துக்கொண்டார்.

காலையில்தான் உமாதேவி கேட்டிருந்தாள். மதுரை ஆஸ்பத்திரியில், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிய பிறகு அவள் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. கஞ்சி வேண்டுமா என்றால் தலையசைப்பாள், அவ்வளவுதான். இன்று விடிந்ததும் கண்ணைத் திறந்து, தெருவாசல் பக்கம் நின்ற இரண்டு ஸ்பீக்கர்களையும் பார்த்தாள்.

"அண்ணே, அந்தப் பின்பலகையக் கழத்திருதீங்களா? ஒரே ஒரு தடவ கேட்டுக்கிடுதேன்."

அவர் உடனே தச்சர் தங்கச்சாமிக்குப் போன் போட்டார். தங்கச்சாமி பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் ஒரு வேலையில் நின்றான். "சாயங்காலம் வாரேன் அண்ணாச்சி" என்றான். சாயங்காலம் வரை தாங்குமா என்று தெரியவில்லை. அவரே மெயின் ரோட்டுக்குப் போய்ச் சைக்கிள் கடையில் ஒரு திருப்புளி கேட்டு வாங்கிவந்தார். கழற்ற வேண்டியது சில திருகாணிகள். அதற்குள் லிங்கராஜ் வந்துவிட்டார்.

அந்த அறை ஒரு காலத்தில் தீப்பெட்டி ஆபீஸின் பண்டல் அறையாக இருந்தது. சிமெண்டுத் தரை, காரைச் சுவர், நாலு பக்கமும் ஒரே அளவு. தெருவாசலில் கால் வைப்பவர்கள் அதைக் கடந்துதான் வீட்டுக்குள் போக வேண்டும். தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்ற உமாதேவி அந்த அறையைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டாள். கல்யாணமான இரண்டாம் வருஷமே தாலியை இழந்து அண்ணன் வீட்டுக்கு வந்தவள். காதில் கருவி மாட்டி ஊரார் குரலையெல்லாம் கேட்டே காலம் தள்ளியவளுக்கு, ஓய்வுக்குப் பிறகு நாதஸ்வரம் கேட்க வேண்டும் என்று ஓர் ஆசை. ஆளுயரத்தில் இரண்டு ஸ்பீக்கர் வாங்கினாள். அவை அந்த அறையில் பேசவில்லை, உறுமின.

"தவுலு, குடத்துக்குள்ள அடிச்ச மாதிரி கேக்குண்ணே" என்றாள். அறை நடுவில் நின்று கையைத் தட்டிக் காட்டினாள். "பாத்தீங்களா, நான் ஒண்ணு தட்டினா இது நாலு தட்டுது. சதுர ரூமு. ஒரு சுதியப் பிடிச்சுக்கிட்டா விடமாட்டேங்கு."

"அதுக்கு என்ன செய்யச் சொல்லுத? சொவத்த இடிக்கவா?"

"பெட்டிய விட்டுர வேண்டியதுதான்."

அந்த ஸ்பீக்கர்களை விற்றுவிட்டு, மாதக்கணக்கில் போனில் படித்தாள். கோயம்புத்தூரில் ஒருவர் பாகம் பாகமாகக் கிட் அனுப்புகிறார் என்று கண்டுபிடித்து அவரோடு மணிக்கணக்காகப் பேசினாள். சத்தம் எழுப்புகிற கோன் என்ன அளவு, எவ்வளவு அகலப் பலகை, என்ன கனத்தில் பிளைவுட். அறையை நூல் பிடித்து அளந்து எழுதி அனுப்பினாள். கடைசியில் பெட்டியே இல்லாத ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். வெறும் பலகை, அதில் துளை, துளையில் கோன். பின்னால் ஒன்றும் கிடையாது. காந்தமும் ஒயரும் அப்படியே தெரியும்.

"இது என்னட்டி, பாதியில நின்னுபோன வேலை மாதிரி இருக்கு" என்றார் பூவனநாதன்.

"இதுதான் முழு வேலை. சத்தம் முன்னாடியும் போகும், பின்னாடியும் போகும். பக்கவாட்டுல அடங்கிரும். சொவத்துல போயி ரொம்ப இடிக்காது. பின்னாடி காத்து வாங்கணும், அதனாலதான் சொவத்த விட்டுத் தள்ளி வைக்கச் சொல்லுதாவ."

"அந்தச் சின்னப் பெட்டி ரெண்டும்?"

"சப்வூஃபர். பலகையில கனத்த அடிச்சத்தம் நிக்காது, ஓடிப்போயிரும். அதுக்கு இது. ஒண்ணு வச்சா ஒரு மூலையில கும்மும், இன்னொரு மூலையில செத்துக் கிடக்கும். அதான் ரெண்டு."

அவருக்குப் புரிந்தது. அதைச் சொல்லாமல் விட முடியாது. புரியாமல் செய்த காரியம் இல்லை அது.

தொல்லை எங்கே வந்ததென்றால், ஸ்பீக்கர்களை நிறுத்துகிற இடத்தில். ஒரு பக்கம் பூஜை அலமாரி, ஒரு பக்கம் மாடிப்படி, ஒரு பக்கம் கட்டில். மிச்சமிருந்தது தெருவாசல் பக்கம்தான். உள்ளே வருகிற எவன் கண்ணிலும் முதலில் படுவது அந்த இரண்டு திறந்த முதுகுகள். அவருக்கு அது உடம்பெல்லாம் கூசியது. சுற்றுவட்டாரம் மொத்தமும் அவர் வீட்டுத் தீப்பெட்டி லேபிளை அறியும். அந்த வீட்டு முன்னறையில், அடைக்கப் பலகை வாங்க வக்கில்லாதவன் வீடு மாதிரி ஒயர் தொங்குகிறது.

உமாதேவி முதல்முறை மதுரையில் படுத்திருந்தபோது, மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள் என்று செய்தி வந்தது. பூவனநாதன் தங்கச்சாமியைக் கூப்பிட்டார். தேக்குத் தகடு ஒட்டிய பலகையால் இரண்டின் முதுகையும் பக்கங்களையும் அடைத்து, பாலிஷ் போட்டு, பார்க்கப் பீரோபோல் ஆக்கிவிட்டார். லிங்கராஜ் அதைத் தடவிப் பார்த்தார். "அம்சமா இருக்கே, எந்த ஊரு செட்டு?" என்றார். "மெட்ராஸ்லருந்து வரவழைச்சது" என்றார் பூவனநாதன்.

உமாதேவி திரும்பி வந்த அன்று ஒரு பாட்டைப் போட்டாள். பாதிகூட ஓடவில்லை, அணைத்துவிட்டாள். "பாலிஷ் நல்லா வந்திருக்குண்ணே" என்றாள். அதன் பிறகு சுவிட்சைத் தொடவில்லை. சீக்குக்காரிக்குப் பாட்டில் நாட்டம் போய்விட்டது என்று அவர் வீட்டில் சொன்னார். நிச்சயத்தன்று லிங்கராஜ் அவளிடமே கேட்டார், "மெட்ராஸ் செட்டுல நீங்கதான் பாட்டு கேப்பீங்களோ?" என்று. அவள் அண்ணன் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். "ஆமா. கம்பெனி செட்டு. அண்ணன் வாங்கித் தந்தாவ" என்றாள்.

இப்போது லிங்கராஜ் அதே ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீனாட்சியம்மாள் உமாதேவியின் உதட்டில் தண்ணீரை விட்டாள். பாதி உள்ளே போனது, பாதி கன்னத்தில் வழிந்தது.

"பாட்டுன்னா உசுருன்னு சொன்னாவளே" என்றார் லிங்கராஜ் மெதுவாக. "சன்னமா ஏதாவது போட்டுவிட்டா காதுல விழும்லா?"

விஜயராஜ் அப்பாவைப் பார்த்தான்.

"செட்டு ரிப்பேரு" என்றார் பூவனநாதன். "கம்பெனிக்காரன வரச் சொல்லியிருக்கு."

உமாதேவியின் கண் திறந்துதான் இருந்தது. அது யாரையும் பார்க்கவில்லை.

விஜயராஜ் அருகில் வந்து குரலைத் தணித்தான். "அப்பா, திருப்புளியத் தாங்க. நான் கழத்துதேன்."

"சும்மா இருலே. அவிய போகட்டும்."

லிங்கராஜ் போகத்தான் எழுந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார், செருப்பைத் தேடினார். "அப்போ நான் கெளம்புதேன் சம்பந்தி. உங்களுக்கு ஆயிரம் சோலி இருக்கும்."

அந்த இடத்தில் ஒரு தலையசைப்புப் போதும். பூவனநாதனின் வாய் அவரைக் கேட்காமலே பேசியது. "நல்லா இருக்கே. சம்பந்தம் கலந்த பெறவு, மத்தியான நேரத்துல வெறும் வயித்தோட அனுப்புனா ஊரு என்ன சொல்லும்? சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

"இந்த நெலமையில போயி…"

"சாப்பாடு ஆயிட்டு. மீனாட்சி, எலையப் போடு."

மீனாட்சியம்மாள் கரண்டியை மகன் கையில் கொடுத்துவிட்டு, புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உள்ளே போனாள்.

லிங்கராஜுக்கும் வேறு வழி இல்லை. நிச்சயம் முடித்த வீட்டில் இலையை மறுக்க முடியாது. அவர் உள்கட்டுக்குப் போய் இலை முன் உட்கார்ந்தார். மீனாட்சியம்மாள் பரிமாற, பூவனநாதன் பக்கத்தில் நின்றார். முன்னறைக்குப் போய் வேலையை முடித்துவிட இதுதான் நேரம் என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் சம்பந்தி இலையில் உட்கார்ந்திருக்கும்போது வீட்டுக்காரன் விட்டுப் போவது அந்தக் குடும்பத்தில் நடந்ததில்லை. லிங்கராஜ் வேகமாகச் சாப்பிட்டு முடிக்கப் பார்த்தார். மரியாதைக்கு அதுவும் முடியவில்லை.

"போதும் சம்பந்தி."

"என்னத்த சாப்பிட்டிய? இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்திக்கிடுங்க."

"அப்பா" என்று முன்னறையிலிருந்து விஜயராஜின் குரல் வந்தது. சத்தமாகக்கூட இல்லை. "இங்கன வாங்க."

ரசக் கரண்டி மீனாட்சியம்மாள் கையில் அப்படியே நின்றது.

உமாதேவியின் முகம் ஸ்பீக்கர்கள் இருந்த பக்கம் சாய்ந்திருந்தது. விஜயராஜ் அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். மீனாட்சியம்மாள் நாத்தனாரின் கண்களை மூடிவிட்டாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவள் இன்னும் குரல் எடுக்கவில்லை. எடுத்தால் தெரு கூடிவிடும்.

பூவனநாதன் கட்டிலுக்குப் போகவில்லை. ஸ்பீக்கருக்குப் பின்னால் போய், முழங்கால் மடக்கித் தரையில் உட்கார்ந்தார். துண்டை விலக்கி, மடிப்பிலிருந்து திருப்புளியை எடுத்தார். முதல் திருகாணி பாலிஷில் ஒட்டிக்கொண்டிருந்தது. திருப்புளி வழுக்கித் தேக்கில் நீளமாக ஒரு கோடு விழுந்தது. திரும்ப வைத்து அழுத்தினார். விஜயராஜ் குனிந்து கையை நீட்டினான், அவர் கொடுக்கவில்லை.

பலகை ஒரு பக்கம் விடுபட்டுச் சரிந்தபோது ஒரு கை வந்து அதைத் தாங்கியது. லிங்கராஜ். கைகூடக் கழுவாமல் வந்திருந்தார். விரலில் சோற்றுப் பருக்கை காய்ந்திருந்தது. மணிக்கட்டால் பலகையைத் தாங்கிக்கொண்டார்.

"நான் பிடிச்சுக்கிடுதேன். நீங்க கழத்துங்க."

பலகை வந்தது. உள்ளே காந்தமும் ஒயரும் கோனின் வெறும் முதுகும் தெரிந்தன.

"இது மெட்ராஸ் செட்டு இல்ல" என்றார் பூவனநாதன், நிமிராமலே. "அவளே தேடி வாங்கின பலகை. தெறந்துதான் இருக்கணும். நான்தான் அடைச்சேன். காலையில கழத்தித் தரச் சொன்னா."

லிங்கராஜ் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தார். கட்டிலைப் பார்த்தார். உள்ளே பாதியில் விட்ட இலையும் சோறும் அங்கிருந்தே தெரிந்தன.

"சொல்லியிருந்தா நான் அப்பவே போயிருப்பேனே சம்பந்தி" என்றார்.

பூவனநாதன் இரண்டாவது ஸ்பீக்கருக்கு நகர்ந்தார். அதுவும் முடிந்த பிறகுதான் மீனாட்சியம்மாள் குரல் எடுத்தாள்.

உமாதேவியை அந்த அறையிலேயே கிடத்தினார்கள். மாலையோடு வந்த ஒவ்வொருவரும் அந்த இரண்டு திறந்த முதுகுகளையும் தாண்டித்தான் அவளிடம் போனார்கள். ஒயரை ஒதுக்கட்டுமா என்று யாரோ கேட்டதற்குப் பூவனநாதன் வேண்டாம் என்றார். லிங்கராஜ் சுடுகாடுவரை கூட வந்தார். குறித்த மாதத்தில் கல்யாணமும் நடந்தது.

பிணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு பூவனநாதன் கல்யாண நாதஸ்வரம் போட்டுக் கேட்டார் என்று அவர் ஊரான கோவில்பட்டியில் ஒரு பேச்சு உண்டு. கழுகுமலையிலும் அதைச் சொல்கிறார்கள். தெருமுனைவரை தவில் கேட்டதாகச் சிலர் சத்தியம்கூடச் செய்கிறார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. பலகைகளை மட்டும்தான் கழற்றினார். சுவிட்சை யாரும் போடவில்லை.