கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒரு சறுக்கு

மகள் சிக்ரிட்டின் கல்யாணம் பகல் பன்னிரண்டு மணிக்கு, மலை உச்சியில். அன்று காலை ஒன்பதே முக்காலுக்கு லாயிட் ஹௌகன் செய்யவே கூடாத ஒரு காரியத்தைச் செய்தார். ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்.

விடிய விடியக் கொட்டிய பனி ஓய்ந்து வெயில் அடித்தது. பதினெட்டு அங்குலம் என்று மலை நிர்வாகம் பலகையில் எழுதிப் போட்டிருந்தது. லாயிட்டின் கண்ணுக்கு அது மூன்றடி. சாயந்திரம் அவர் கதை சொல்லும்போது ஐந்தடியாகியிருக்கும். கிரேஹார்ஸ் மலைச்சரிவு முழுக்க ஒரு கீறல்கூட இல்லாமல், சலித்துக் கொட்டிய அரிசிமாவு போலக் கிடந்தது.

மொன்டானாவின் அந்த மூலையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: புதுப்பனி விழுந்த நாளில் நட்பும் கிடையாது, உறவும் கிடையாது. சறுக்கக் கிளம்பிவிட்டால் யாரும் யாருக்காகவும் நிற்க மாட்டார்கள். பல் டாக்டர் நோயாளியை வாய் பிளந்தபடியே நாற்காலியில் விட்டுவிட்டுப் போய்விடுவார். ஒரு வருஷம் தீயணைப்பு வண்டியே, மலைமேல் ஏற்றிவிடும் நாற்காலி லிஃப்ட்டுக்கு எதிரில்தான் நின்றது என்று லாயிட் சத்தியம் செய்வார்.

ஆனால் சிக்ரிட் முந்தின நாளே கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். "அப்பா, என் ஸ்கூல் நாடகத்துக்கு நீங்க வரல. கேட்டா, பனி. என் பதினாறாவது பிறந்தநாளுக்கு வந்தீங்க, கேக்கு முடிஞ்சப்புறம். அதுக்கும் பனி. நாளைக்குப் பன்னெண்டுக்கு நீங்க இல்லேன்னா நான் யாருக்கும் காத்துக்கிட்டு இருக்க மாட்டேன். உங்க கையைப் பிடிக்காம, பாதிரியார் முன்னால தனியா நடந்து போயிருவேன்."

அவள் சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அது நினைவிருந்தும், "ஒரே ஒரு சறுக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கல்யாணக் கோட்டு, டையின் மேலேயே பனி உடுப்பை மாட்டினார். எழுபது வயசு உடம்பு, லிஃப்ட்டை நோக்கி இருபது வயசாக ஓடியது.

மலையின் பின்சரிவில், மரங்களுக்கு நடுவில், வளைந்து வளைந்து சறுக்கியதில் ஏழு திருப்பங்கள் கிடைத்தன. ஏழும் ஏழு ஜென்மத்துக்குப் போதும். எட்டாவதில், பனிக்கு அடியில் ஒளிந்திருந்த கிளை ஒன்று இடது காலின் ஸ்கீ கட்டையைத் தட்டிவிட்டது. அது காலிலிருந்து கழன்று, மீன் தண்ணீரில் பாய்கிற மாதிரி பனிக்குள் போய் மறைந்தது. லாயிட் தோண்டினார். துழாவினார். கெஞ்சினார். அரை மணி நேரம் போயிற்று. கட்டை கழன்ற காலை ஊன்றினால் மார்பு வரை புதைந்தார். மணி பதினொன்று.

நாற்பது வருஷம் தபால் கொடுத்தவர் அவர். ஒரு நாளும் கடிதம் தாமதமானதில்லை. பெற்ற பெண் விஷயத்தில் மட்டும் எப்போதும் தாமதம்.

அப்போது மேலிருந்து ஒரு கூச்சல். ஊதா நிறச் சட்டை ஒன்று ஒற்றைப் பலகை ஸ்னோபோர்டில் மரங்களைச் சுற்றிக்கொண்டு வந்து, அவர் முகத்தில் ஒரு கூடை பனியை வாரி இறைத்து நின்றது.

"யாரது புதைஞ்சு கிடக்கறது? அட, சம்பந்தி!"

மாப்பிள்ளை வெஸ்ஸின் அம்மா ரோக்சான். அறுபத்தொரு வயசு.

"சம்பந்தியம்மா? நீங்க தலை அலங்காரம் பண்ணிக்கப் போயிருக்கறதா சொன்னாங்களே?"

"பண்ணியாச்சு. ஹெல்மெட்டுக்குள்ள பத்திரமா இருக்கு. நீங்க?"

"சும்மா... ஒரே ஒரு சறுக்கு."

"நானும் அதே ஒண்ணுதான்." ரோக்சான் சுற்றிலும் பார்த்தாள். "இன்னொரு கட்டை எங்க?"

"தொலைஞ்சுபோச்சு."

அவள் சிரித்த சிரிப்பில் ஊசியிலை மரங்கள் உதிர்த்த பனியே இன்னொரு அடி இருக்கும். "இதுக்குத்தான் சொல்றது, ரெண்டா வெச்சுக்காதீங்கன்னு! என் பலகை ரெண்டு காலையும் கட்டிப்போட்டிருக்கு. ஓடிப்போகுமா?"

இருவருக்கும் இது முப்பத்தெட்டு வருஷப் பகை. ஸ்னோபோர்டுக்கு இந்த மலையில் அனுமதியே இல்லாத காலத்தில், லீவு நாளில் மலைக் காவல் சட்டை போட்டுக்கொண்டு ரோக்சானின் பலகையைப் பிடுங்கியவர் லாயிட். "சாப்பாட்டுத் தட்டுல ஏறிச் சறுக்கறதெல்லாம் ஒரு விளையாட்டா?" என்று கேட்டவரும் அவரே.

"சம்பந்தியம்மா, நக்கலெல்லாம் அப்புறம். சிக்ரிட் தனியா நடந்துருவா."

ரோக்சானின் சிரிப்பு நின்றது. மணியைப் பார்த்தாள். "எந்திரிங்க. நான் முன்னால போய் பனியை அமுக்கி வழி போடறேன். என் பலகை அகலம். நீங்க அந்தத் தடத்துலயே வாங்க. சும்மா தொங்கற காலைக் கட்டை மேலயே பின்னால வைங்க. பக்கவாட்டுல நில்லுங்க."

"அது ஸ்னோபோர்டுக்காரங்க நிக்கற மாதிரில்ல இருக்கும்!"

"ஆமா. ஊர்ல சொல்ல மாட்டேன், வாங்க."

எதிரில் கன்னிப்பனி விரிந்து கிடந்தது. இஷ்டம்போல வளைந்து வளைந்து பறக்க வேண்டிய சரிவு. ரோக்சான் அதில் ஒரு திருப்பமும் போடாமல், குறுக்காகப் பலகையை அழுத்தி, ரோடு ரோலர் மாதிரி மெதுவாக இறங்கினாள். பின்னால் லாயிட் பன்னிரண்டு தரம் விழுந்தார். பதின்மூன்றாவது தரம் விழவில்லை. ஒற்றைக் கட்டையில் இரண்டு காலும் நிற்க, இடுப்பு தானாக வளைய, உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து வழுக்கியது. நன்றாகத்தான் இருந்தது. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

சரிவு முடிந்தது. இனி லிஃப்ட் வரை ஒரு மைல் சமதளம், மரம் ஏற்றிய வண்டிகளின் பழைய பாதை. ரோக்சானின் பலகை சாணியில் சிக்கிய சக்கரம் போல நின்றுவிட்டது.

"இப்ப சொல்லுங்க, சம்பந்தியம்மா," என்றார் லாயிட், கண் பளபளக்க. "சமதளத்துல உங்க தட்டு நகருமா? கோல் வேணும், கோல்! ரெண்டு இருக்கு என்கிட்ட."

"ஒத்தைக் கட்டைக்கு ரெண்டு கோலா? ரொம்பப் பெருமைதான். இழுங்க, பார்ப்போம்."

லாயிட் டையைக் கழற்றி இடுப்பு வாரின் பின்பக்கம் முடிச்சுப் போட்டார். மறுமுனையை ரோக்சான் பிடித்துக்கொண்டாள். அவர் இரு கோலையும் ஊன்றி ஊன்றி உந்தினார். சும்மா இருந்த காலால் உதைத்தார். அவளும் ஒரு காலை அவிழ்த்து உதைத்தாள். இழுத்த இழுப்பில் டை முழநீளம் கூடியது என்பார் அவர். வழியில் ஒரு மான் நின்று அவர்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டது என்றும் சொல்வார்.

லிஃப்ட்டில் ஏறும்போது மணி பதினொன்று நாற்பது. நாற்காலி ஆடி ஆடி மேலே போயிற்று. கீழே, அவர்கள் வந்த சரிவில் கோணல்மாணலாக ஒரே ஒரு தடம் தெரிந்தது. மற்ற இடமெல்லாம் மாசு படாத வெள்ளை. அதைப் பார்த்த லாயிட் கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். வருஷத்தில் இரண்டு நாள் கிடைக்கிற பனி. அதை ஒருத்தி தன் பலகைக்குக் கொடுக்காமல், ரோடு போடச் செலவழித்திருக்கிறாள். அவர் தன் சொந்தத் தம்பிக்குக்கூட அதைச் செய்ததில்லை.

"நன்றி, ரோக்சான்," என்றார். பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

"சும்மா இருங்க. அழுதா மூக்குல உறைஞ்சுரும்."

பன்னிரண்டுக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது, உச்சி விடுதியின் வாசலில் சிக்ரிட் வெள்ளை உடையில் நின்றிருந்தாள். ஒரு கையில் பூங்கொத்து. மறு கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. லாயிட் பனி உடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, மாற்ற நேரமில்லாத ஸ்கீ பூட்ஸோடு டக்கு டக்கென்று நடந்து வந்தார். டை கயிறாய் முறுக்கிக் கிடந்தது. சிக்ரிட் அவரை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். உதடு துடித்தது.

"எத்தனை திருப்பம்?"

"ஏழு."

"எப்படி இருந்துச்சு?"

"கேக்காதே. கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுருவே."

அவள் அந்தக் கையை அவர் முழங்கைக்குள் நுழைத்து இறுக்கிப் பிடித்தாள். அவ்வளவு இறுக்கமாக அவள் பிடித்தது, ஐந்து வயசில் முதன்முதலாக லிஃப்ட் ஏறியபோதுதான்.

பாதிரியார் வழக்கப்படி கேட்டார்: "இந்தப் பெண்ணை அழைத்து வந்தது யார்?"

"நான்," என்றார் லாயிட். முதல் வரிசையில் தலை அலங்காரம் நசுங்கி, காதோரம் பனி உருகிச் சொட்ட உட்கார்ந்திருந்த ரோக்சானைப் பார்த்தார். "என்னை அழைச்சுக்கிட்டு வந்தது அவங்க."

"ஆனா சமதளத்துல இழுத்தது அவர்தான்," என்றாள் ரோக்சான் உரக்க. "அதையும் எழுதிக்கங்க, ஃபாதர்."

"வழி போட்டது நீங்கதானே!"

"இழுக்கலேன்னா நான் இன்னும் அங்கதானே நின்னுக்கிட்டு இருப்பேன்!"

"அப்பா," என்றாள் சிக்ரிட், கண்ணைத் துடைத்துக்கொண்டே, "எனக்கு இன்னிக்கு ஒரு கல்யாணம் இருக்கு."