மணல் நீச்சல்

எனக்கு நீச்சல் தெரியாது. இரண்டு பக்கமும் ஆறு ஓடுகிற ஸ்ரீரங்கத்தில் பிறந்து, ஐம்பது வயசைத் தாண்டியும் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. அம்மா மண்டபம் ரோட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். பெயர் ரங்கநாயகி. அப்படிப்பட்ட என்னை நீச்சல் சங்கத்துக்குச் செயலாளராகப் போட்ட புண்ணியவதி அனுசுயா. சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் கையெழுத்து வேண்டுமாம். தைத்த ஜாக்கெட்டை வாங்க வந்தவள், அதோடு சேர்த்து என் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அனுசுயா ஒரு தனியார் பள்ளியில் பி.டி. மிஸ்ஸாக இருந்தவள். அவள் தங்கை பானுமதி எட்டாவது படிக்கும்போது சிநேகிதிகளோடு கொள்ளிடத்தில் குளிக்கப் போனாள், திரும்பி வரவில்லை. கூடப் போன பெண்கள் கரையில் நின்று கத்தியிருக்கிறார்கள். ஒருத்திக்கும் நீந்தத் தெரியாது. அதற்கப்புறம்தான் அனுசுயா நீச்சல் கற்றுக்கொண்டாள். பிறகு வேலையை விட்டுவிட்டு, பாலக்கரையிலிருந்தும் சிந்தாமணியிலிருந்தும் பெண் பிள்ளைகளைச் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். பதக்கம், போட்டி எதுவும் அவளுக்கு வேண்டாம். ஆற்றில் விழுந்தால் அந்தப் பிள்ளைகள் கரை ஏறி வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கு ஒரு பரிசலும், அதை ஓட்ட ஆளும், நல்ல கயிறும் தேவைப்பட்டது. பரிசல் இல்லாமல் ஆழத்துக்குக் கூட்டிப்போக மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தாள். அதனால் பொன்னிக்கரை சமூக அறக்கட்டளைக்கு எழுதிப் போட்டோம். திருச்சியில் வியாபாரம் செய்கிறவர்களும் வெளிநாட்டில் செட்டிலான நம்மூர்க்காரர்களும் சேர்ந்து பணம் போட்டு, உள்ளூர்ச் சங்கங்களுக்கும் பிள்ளைகளின் பயிற்சிகளுக்கும் நிதி கொடுக்கிற அமைப்பு அது. தலைவர் அழகிரி. தொட்டியத்தில் வாழைத்தோட்டம், டவுனில் வாழைத்தார் மண்டி, எந்த மேடையிலும் கசங்காத வெள்ளை வேட்டி. நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். அவர்கள் பார்க்க வருகிற மாசம் மே.

மே மாசக் காவிரியைப் பார்த்தவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன், கரையிலிருந்து கரை வரைக்கும் மணல். மேட்டூரில் திறந்துவிட்டால்தான் உண்டு. திதி கொடுக்க வருகிறவர்கள்கூட அப்போது படித்துறையில் வைத்திருக்கிற ஷவருக்கு அடியில்தான் முங்கி எழ வேண்டும். அனுசுயா அறக்கட்டளை அதிகாரி சித்தார்த்துக்குப் போன் போட்டாள்.

"சார், இப்ப ஆத்துல தண்ணி இல்லைங்க. ஜூலையில வாங்களேன்."

"கமிட்டி மே கடைசியில கூடுது மேடம். நீங்க வழக்கமா என்ன பண்றீங்களோ அதையே காட்டுங்க, போதும்."

வழக்கமாக நாங்கள் கோடையில் என்ன செய்வோம்? கைவீச்சு மறந்துவிடக் கூடாதென்று, பிள்ளைகளை மணலில் குப்புறப் படுக்க வைத்துக் கையையும் காலையும் அடிக்கச் சொல்வோம். அதைத்தான் காட்டினோம். ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. இதை நான் யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை, அதுதான் எனக்கு எரிச்சல்.

சித்தார்த் சென்னைப் பையன். வெள்ளை ஷூ முழுக்க மணலோடு வந்து நின்றார். அனுசுயா விசில் அடித்தாள். பிள்ளைகள் வரிசையாகப் படுத்து, தலையைத் திருப்பி மூச்சு வாங்கி, கையை வீசிப் போட்டார்கள். மணல் பறந்தது. சித்தார்த் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் தூசி விழுந்துவிட்டது என்று நினைத்தேன், மனுஷன் நெகிழ்ந்து போயிருக்கிறார்.

"எவ்வளவு தூரம் நீந்துவாங்க மேடம்?"

"இந்த இடத்துலயேதான் சார். தண்ணி வந்தாத்தானே நகர முடியும்."

"விபத்து ஏதாவது நடந்திருக்கா?"

"மணல்ல என்ன சார் விபத்து?" என்றாள் அனுசுயா.

சித்தார்த் அதை எழுதி, அடியில் கோடு போட்டுக்கொண்டார். அந்தக் கோடுதான் எங்களுக்கு வினையாக வந்தது. அந்த வருஷம் அவர்கள் நிதி கொடுத்த சிலம்ப வகுப்பில் ஒரு மண்டை உடைந்திருந்தது. பச்சைமலைக்குக் கூட்டிப்போன பிள்ளைகளைத் தேனீ விரட்டியிருந்தது. இதையெல்லாம் கேட்டு நொந்து போயிருந்த கமிட்டிக்கு எங்கள் சங்கத்தைப் பார்த்ததும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்திருக்கிறது. கேட்டதற்கு மேலேயே ஒதுக்கிவிட்டார்கள். பரிசலை மட்டும் தேவையில்லை என்று அடித்துவிட்டு, அனுசுயாவுக்குச் சம்பளம், தொப்பி, நீச்சல் கண்ணாடி, கயிறு கட்டிய மிதவை வளையம், உயரமான நாற்காலியில் உட்கார்ந்து விசில் ஊத ஒரு காப்பாளர் என்று தாங்களாகவே சேர்த்துக் கொடுத்தார்கள். கூடவே நிபந்தனை. 'பயிற்சி மணலில் மட்டுமே நடைபெற வேண்டும். பயனாளிகள் எக்காரணம் கொண்டும் தண்ணீரில் இறங்கக் கூடாது. மீறினால் நிதியுதவி நிறுத்தப்படும்.'

அனுசுயா முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை.

"வாங்கிக்கலாம் அக்கா. சம்பளம் வந்தா நான் வேற வேலைக்குப் போக வேண்டாம், பிள்ளைங்களும் கலையாது. தண்ணி வரட்டும், பேசிப் பாத்துக்கலாம்."

பேசுவதற்கு எங்கே விட்டார்கள்? மணல் நீச்சல் பிரபலமாகிவிட்டது. முசிறியிலிருந்து ஒரு வேன் நிறையப் பிள்ளைகள் பார்த்துவிட்டுப் போனார்கள். உப்பிலியபுரத்திலிருந்து வந்த ஆசிரியருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எங்க ஊர்ல ஆறே இல்லைங்க, இனிமே ஒரு குறையும் இல்லை" என்று அனுசுயாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அறக்கட்டளை போட்டியும் நடத்தியது. மணலில் சுண்ணாம்பால் தடம் போட்டு, ஒவ்வொருத்தியையும் ஒரு தடத்தில் படுக்க வைத்தார்கள். யாரும் நகராத போட்டியில் முதலிடத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் விளங்கவில்லை. பாலக்கரைப் பெண் ரோசரிக்குக் கொடுத்தார்கள். ஒருத்தி உந்திக்கொண்டு ஒரு முழம் முன்னால் போய்விட்டாள் என்று நீக்கினார்கள், பாவம். "நம்ம காலத்துல இந்த வசதியெல்லாம் இல்லையே" என்று அழகிரி மைக்கில் உருகினார். காப்பாளர் நாற்காலியில் தூங்கிப் போனதற்கு சித்தார்த் விளக்கம் கேட்டு எழுதினார். அந்த ஆளுக்கும் நீச்சல் தெரியாது. மணலுக்குத்தானே என்று கேட்டு வேலையில் சேர்ந்தவர்.

ஜூனில் தண்ணீர் வந்தது. முதல் தண்ணீர் நுரையும் சருகுமாக மணலை நக்கிக்கொண்டு வருவதைப் பார்க்க ஊரே பாலத்தில் நின்றது. எங்கள் பிள்ளைகளும் படித்துறையில் தொப்பி போட்டு நின்றார்கள். அனுசுயாவின் போன் அடித்தது. சித்தார்த்.

"மேடம், தண்ணி வந்திடுச்சாமே. ஜாக்கிரதை. கல்யாண மண்டபத்துக்குப் பின்னாடி இடம் பிடிச்சிருக்கோம், ரெண்டு லோடு மணல் அடிச்சாச்சு. நாளையிலேருந்து கிளாஸ் அங்கதான்."

"ஆறு பக்கத்துலயே ஓடுதே சார்."

"அதான் மேடம் ரிஸ்க்."

கொட்டியிருந்தது ஆற்று மணல்கூட இல்லை, கருங்கல்லை உடைத்து அரைத்த எம்-சாண்ட். அது தோலை விட்டுவைக்குமா? இரண்டே நாளில் பிள்ளைகளின் முழங்கை எல்லாம் உரிந்துவிட்டது. நான் பழைய ஜீன்ஸை வெட்டி முழங்கைக்கு உறை தைத்துக் கொடுத்தேன். காவிரி கரை தொட்டு ஓடுகிற காலத்தில், கல்யாண மண்டபத்துப் பின்வாசலில், பாயசம் கொட்டிய வாசனைக்கு நடுவே, ஜீன்ஸ் துணி கட்டிய பிள்ளைகள் குப்புறப் படுத்து நீந்தினார்கள். பந்திக்கு வந்தவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டே வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த இரண்டு லோடையும் சித்தார்த் தலையில் கொட்டியிருப்பேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அனுசுயா கடைக்கு வந்து, தைக்கிற மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பானு போனப்பவும் எல்லாரும் இதையேதான் அக்கா சொன்னாங்க. பொம்பளப் பிள்ளைங்களைத் தண்ணிகிட்ட விடாதேன்னு. நீந்தக் கத்துக்குடுன்னு ஒருத்தரும் சொல்லலை."

நான் நூலை அறுத்துவிட்டு நிமிர்ந்தேன். "கயிறு இருக்குல்ல?" என்று கேட்டேன்.

மறுநாளிலிருந்து விடியற்காலையில் ஆற்றுக்குப் போனோம். பெற்றவர்களிடம் சொல்லித்தான். ஒவ்வொருத்தியாக இடுப்பில் கயிறு கட்டி, படித்துறைத் தூணில் ஒரு சுற்று சுற்றி, நுனியை நான் பிடித்துக்கொள்வேன். பரிசல் இல்லாததால் அனுசுயா மார்பளவு ஆழத்தைத் தாண்ட விடவில்லை. கோடையில் சேர்ந்து மணலிலேயே பழகியிருந்த ரோசரி முதல் நாள் தண்ணீரில் கை வீசியதும் உடம்பு முன்னால் போனதில் பயந்து நின்றுவிட்டாள். "மிஸ், நகருது மிஸ்" என்றாள். காலையில் ஆறு, சாயங்காலம் எம்-சாண்ட். இப்படியே ஆடி வந்தது.

ஆடிப்பெருக்கன்று எங்களுக்குச் சிறந்த இளைஞர் பயிற்சிக்கான சான்றிதழ் கொடுப்பதாக அறக்கட்டளை முடிவு செய்தது. அம்மா மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. அதனால் சற்றுத் தள்ளியிருக்கிற சின்னப் படித்துறையில் பேனர் கட்டினார்கள். பிள்ளைகள் தொப்பியும் கண்ணாடியுமாக மேல்படியில் நிற்க வேண்டும், பின்னால் ஆறு தெரிய வேண்டும், ஆனால் ஒருத்தி காலிலும் தண்ணீர் படக் கூடாது. மிதவை வளையத்துக்கு மல்லிகைச் சரம் சுற்றி மேஜையில் வைத்திருந்தார்கள். அனுசுயா மேலே மைக்கில் வரவேற்புரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சார், இன்னும் ஒரு படி கீழ வாங்க, ஆறு நல்லா விழணும்" என்றார் போட்டோக்காரர்.

அழகிரி ஒரு படி இறங்கினார். அந்தப் படியில் பாசி. சான்றிதழோடு வழுக்கி, வேட்டி குடை மாதிரி விரிய, ஆற்றில் விழுந்தார். இழுப்பு பலமாக இருந்தது. ஒரு தடவை தலை தெரிந்தது, அடுத்த தடவை கைதான் தெரிந்தது. காப்பாளர் தன் கடமையை உணர்ந்து பலமாக விசில் ஊதினார். சித்தார்த் பிள்ளைகளுக்கு முன்னால் ஓடி வந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "யாரும் தண்ணியில இறங்கக் கூடாது" என்று கத்தினார்.

அனுசுயா மைக்கைப் போட்டுவிட்டு ஓடி வருவதற்குள் ரோசரி, சித்தார்த்தின் கைக்கு அடியில் குனிந்து, மல்லிகைப்பூவோடு வளையத்தைப் பிடுங்கிக்கொண்டு குதித்துவிட்டாள். கயிற்றின் நுனியை மற்ற பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். நான் அதன் கடைசியில் தொங்கினேன். தலையைத் திருப்பி மூச்சு வாங்கி, கையை வீசிப் போட்டு, எம்-சாண்டில் பார்த்த அதே வீச்சு. இந்தத் தடவை நகர்ந்தாள். வளையத்தை அவரிடம் தள்ளினாள், அவர் கட்டிப் பிடித்துக்கொண்டார். அனுசுயாவும் பாய்ந்து சேர்ந்துகொள்ள, நாங்கள் இழுத்துக் கரை சேர்த்தோம்.

அழகிரி படியில் உட்கார்ந்து ஆற்றைக் கக்கினார். தலையில் ஒரு மல்லிகைச் சரம். மூச்சு வந்ததும் முதல் வார்த்தையாக, "அந்தப் பொண்ணு எப்படிய்யா தண்ணியில இறங்குச்சு?" என்று சித்தார்த்தைக் கேட்டார்.

"நிபந்தனை மீறல்தான் சார்," என்றார் சித்தார்த்.

அனுசுயா சொட்டச் சொட்ட நின்றாள். "அவ இறங்கலைன்னா இந்தக் கேள்வியைக் கேக்க நீங்க இருந்திருக்க மாட்டீங்க சார்."

அவர் கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்தார். "அது வேற விஷயம்மா. ரூல் வேற," என்றார். யாரோ அவருக்கு ஒரு பொன்னாடையைப் போர்த்தினார்கள்.

கடிதம் அடுத்த வாரம் என் கடைக்கு வந்தது. 'ஆடிப்பெருக்கு நிகழ்ச்சியின்போது தங்கள் பயனாளி ஒருவர் நீந்தியதாகத் தெரியவருகிறது. ஆகவே நிதியுதவி உடனடியாக நிறுத்தப்படுகிறது. மிதவை வளையத்தைத் திருப்பி ஒப்படைக்கவும்.' எனக்கு வாயில் வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது. அனுசுயாவைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தேன். அழுவாள் என்று காபி வாங்கி வைத்திருந்தேன்.

அவள் படித்தாள், மறுபடியும் படித்தாள். "அக்கா, அந்த முதல் வரியைக் கொஞ்சம் சத்தமா வாசிங்க," என்றாள். வாசித்தேன். முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அது வேறு அழுகை என்று எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் எனக்கும் நிற்கவில்லை. காபி ஆறிப்போனது.

சான்றிதழை ஆறு கொண்டுபோய்விட்டது. அதனால் அந்தக் கடிதத்துக்குத்தான் கண்ணாடிச் சட்டம் போட்டாள். என்னைக் கூட வரச்சொல்லி, அவள் வீட்டுச் சுவரில் பானுமதியின் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினாள். கோணலாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்துச் சரிசெய்தாள். அப்புறம் தங்கையின் படத்தைப் பார்த்து, "ஒருத்தி நீந்திட்டாடி," என்றாள்.